யாரைப் பார்க்க வேண்டும் என்று நோயாளியைக் கேளுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
அரசுச் செயலாளர்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றித் தலைமைச் செவிலியராக ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். உள்நோயாளியை யார், எப்போது, எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதை அந்த நோயாளியின் உரிமையாகச் சொல்லும் ஓர் ஆணையை என் பணிக்காலத்தில் எந்த வார்டிலும் நான் கண்டதில்லை. சுவரில் பார்வையாளர் நேரம் எழுதியிருக்கும். அதன் கீழே, சிறு குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி இருக்கும். அந்த நேரத்துக்கு வெளியே வருகிறவரை உள்ளே விடுவதும் திருப்பி அனுப்புவதும் வாசலில் நிற்கும் ஒப்பந்தக் காவலாளியின் அன்றைய மனநிலையையும், சில இடங்களில் அவர் கையில் திணிக்கப்படும் நோட்டையும் பொறுத்ததாக இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளில் இதுவே அட்டெண்டர் பாஸ் என்ற பெயரில் சற்று நாகரிகமாக நடக்கிறது. தன்னை யார் பார்க்கலாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உரியது, அதை மறுப்பதானால் மறுப்பவர் மருத்துவராக இருந்து காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று சொல்லும் ஓர் அரசாணையைத் தங்களிடம் கேட்கவே இதை எழுதுகிறேன்.

இந்தக் கோரிக்கை நம் சட்டத்துக்குப் புதிதன்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநல நிலையத்தில் சேர்க்கப்பட்ட ஒருவர், அந்நிலையத்தின் நெறிமுறைகளுக்கு உட்பட்டு, நியாயமான நேரங்களில் பார்வையாளர்களைச் சந்திக்கவும் சந்திக்க மறுக்கவும், தொலைபேசியில் பேசவும் பேச மறுக்கவும் உரிமை உடையவர் என்று அதன் 26-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே, 1794-இல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் இருப்பவருக்கு நாடாளுமன்றம் எழுதிக் கொடுத்திருக்கும் உரிமை, அதே கீழ்ப்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு எழுதப்படாமல் இருக்கிறது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2018-இல் மக்கள் கருத்துக்கு வெளியிட்ட நோயாளிகள் உரிமைச் சாசனத்தை எடுத்துப் பாருங்கள். அதில் 17 உரிமைகள் இருந்தன. கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டிப் பிடித்து வைக்காமல் இறந்தவரின் உடலைப் பெற்றுச் செல்லும் உரிமை அவற்றுள் ஒன்று. அவர் உயிரோடு இருந்தபோது அருகில் போய்ப் பார்க்கும் உரிமை அந்தப் பதினேழில் இல்லை.

அரசு வார்டு எப்படி ஓடுகிறது என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த மடலின் அடிப்படையே அதுதான் என்பதால் சொல்லியாக வேண்டும். இரவுப் பணியில் ஒரு செவிலியர் பார்த்துக்கொள்ள வேண்டிய படுக்கைகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால், நோயாளியுடன் இருப்பவர்கள் இல்லாமல் எந்தப் பொது வார்டும் விடியாது. கஞ்சி ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, மலக்கோப்பை எடுத்து வைப்பது, டிரிப்ஸ் தீர்ந்தால் ஓடிவந்து சொல்வது, ரத்த மாதிரியை ஆய்வகத்துக்கும் சீட்டை ஸ்கேன் அறைக்கும் எடுத்துக்கொண்டு அலைவது என அத்தனையையும் மனைவியும் மகளும் தங்கையும் செய்கிறார்கள். உடன் ஆள் இல்லாமல் வந்து சேர்ந்த நோயாளியிடம் நாங்கள் முதலில் கேட்பது "கூட யாரும் இல்லையா?" என்பதுதான். அந்தக் கேள்வியில் இரக்கத்தைவிடக் கவலையே அதிகம். இப்படிச் சம்பளமில்லாப் பணியாளராக நாம் வைத்திருக்கும் அதே மனிதர்களைத்தான், காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குச் சற்று முன்பு, "எல்லாரும் வெளியே போங்க" என்று விரட்டுகிறோம்.

இந்த விரட்டலால் விளையும் கேடு வெளியே தெரிவதில்லை. ரவுண்ட்ஸ் நேரம் ஒன்றில்தான் நோயாளியின் நிலைமையைப் பற்றி முடிவெடுக்கும் மருத்துவர், கேஸ் ஷீட், அன்றைய பரிசோதனை முடிவுகள் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடுகின்றன. அந்த நேரத்தில் குடும்பத்தார் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் உள்ளே வரும்போது மருத்துவர் அடுத்த வார்டுக்கோ அறுவை அரங்குக்கோ போயிருப்பார். பிறகு அவர்களுக்குக் கிடைப்பது, பயிற்சி மருத்துவர் நடந்துகொண்டே சொன்ன அரை வாக்கியமும், பக்கத்துப் படுக்கைக்காரர் தாமாகச் சேர்த்த விளக்கமும் மட்டுமே. பத்து நாட்கள் வார்டிலேயே கிடந்தும் தம் தந்தைக்கு என்ன நோய் என்று சொல்லத் தெரியாமல் டிஸ்சார்ஜ் சீட்டோடு வந்து என்னிடம் கேட்டவர்கள் பலர். படிப்பறிவு இல்லாததால் இப்படி ஆகிறது என்று சொல்லிவிட முடியாது. பட்டம் படித்தவர்களும் இப்படிக் கேட்டிருக்கிறார்கள்.

பார்வையாளர் நேரம் யாருடைய வசதிக்காக வகுக்கப்பட்டது என்பதும் யோசிக்க வேண்டியது. மாலையில் இரண்டு மணி நேரம் என்று எழுதி வைத்தால், கட்டட வேலைக்கோ துணிக்கடை வேலைக்கோ போகிறவர் அன்றைய கூலியை விட்டால் ஒழியத் தம் தாயைப் பார்க்க முடியாது. கள்ளக்குறிச்சியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ பேருந்தேறிச் சென்னைக்கு வருகிறவர், நெரிசலில் சிக்கி நேரம் முடிந்த பத்தாவது நிமிடம் வாசலை அடைந்தால், மறுநாள் மாலை வரை நடைபாதையில் காத்திருக்க வேண்டும், அல்லது காவலாளியிடம் பேரம் பேச வேண்டும். விதி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதை விலைக்கு விற்க வழி பிறக்கிறது. லஞ்சத்தைத் தடுக்க எத்தனை அறிவிப்புப் பலகைகள் வைத்தாலும், நேரத்தை விரிக்காத வரை அந்த வியாபாரம் நிற்காது என்பது என் கருத்து.

தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றிப் பேசினால் உடனே தொற்று என்ற சொல் வந்து நிற்கும். அந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. அங்கு வேலை பார்த்த யாரும் தள்ள மாட்டார்கள். ஆயினும் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். பிரேசிலில் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வொன்று, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை உடனிருக்க அனுமதிப்பதையும், அதிகபட்சம் நாலரை மணி நேரம் என்று கட்டுப்படுத்துவதையும் ஒப்பிட்டது. (நம் ஊர்க் கணக்கில் அந்தக் கட்டுப்பாடே தாராளம்.) உறவினர் நெடுநேரம் உடனிருந்தால் நோயாளியின் மனக்குழப்பம் குறையும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிரிவுகளில் ஏற்படும் தொற்றும் கூடவில்லை, பணியாளர்களின் சோர்வும் கூடவில்லை. குடும்பத்தாரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. அதற்கு முன்பே இத்தாலியில் இதய நோயாளிகளிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வும், பார்வையாளர்களைத் தடையின்றி அனுமதித்த காலத்தில் சூழலில் கிருமிகள் அதிகமாகக் காணப்பட்டாலும் நோயாளிகளுக்குத் தொற்றுச் சிக்கல்கள் அதிகரிக்கவில்லை என்றே கண்டது. கை கழுவாமல் படுக்கைக்குப் படுக்கை போகும் நம்மவர்களைப் பற்றியும் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுக்களுக்குத் தெரியும். பழியை உறவினர்மேல் மட்டும் போடுவது எளிது, அவ்வளவுதான்.

கொரோனா காலத்தை இங்கே நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. 2021 மே 30 அன்று, பொறுப்பேற்று ஒரு மாதம்கூட ஆகாத முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் முழுக் கவச உடை அணிந்து கொரோனா வார்டுக்குள் சென்று நோயாளிகளிடம் நலம் விசாரித்தார். அந்த நாட்களில் வார்டுக்குள் இருந்த நோயாளிகளுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்பதை அப்போது பணியில் இருந்தவர்கள் அறிவார்கள். கவச உடை அணிந்து ஒருவர் பாதுகாப்பாக உள்ளே சென்று வர முடியும் என்பதை மாநிலமே அன்று பார்த்தது. அப்படியானால் அதே உடையை அணிவித்து, செவிலியர் ஒருவரின் மேற்பார்வையில், மூச்சுத் திணறி இறுதி நிலையில் இருந்தவரின் மகளையும் கால் மணி நேரம் அனுப்பியிருக்கலாம். அடுத்த பெருந்தொற்று வரும்போது என்ன செய்வது என்பதை இப்போதே எழுதி வைத்தால்தான் அப்போது யாருக்காவது அது நினைவுக்கு வரும்.

இறுதி நேரம் என்று சொன்னதால் அதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். உயிர் பிரியும் நேரத்தில் பிள்ளைகள் வாயில் பால் விடுவது நம் வீடுகளின் வழக்கம். இஸ்லாமியர் காதருகே கலிமா சொல்வார்கள். கிறிஸ்தவர் போதகரையோ பாதிரியாரையோ அழைத்து ஜெபிப்பார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர் வாயில் பால் ஊற்ற முடியாது என்பது மருத்துவ உண்மை. ஆனால் பஞ்சை நனைத்து உதட்டில் தொட்டு வைக்க எந்தக் கருவியும் தடையாக இருப்பதில்லை. அனுபவமுள்ள செவிலியர்கள் இதைச் சத்தமில்லாமல் செய்ய விட்டிருக்கிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். அது அந்தந்தச் செவிலியரின் துணிச்சலால் நடப்பதாக இருக்கக் கூடாது. ஒருவர் பிழைக்க மாட்டார் என்று மருத்துவக் குழு முடிவுக்கு வந்துவிட்ட பின், பார்வையாளர் நேரமும் எண்ணிக்கை வரம்பும் அவருக்குப் பொருந்தாது என்று ஆணையில் ஒரு வரி போதும். குழந்தைகளுக்கு அனுமதியில்லை என்ற பலகையும் அந்த ஒரு சந்தர்ப்பத்தில் விலகட்டும். பாட்டியின் மடியில் வளர்ந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு அவளை உயிரோடு கடைசியாகப் பார்க்கும் வாய்ப்பைத் தர வேண்டும்.

கதவை மூடி வைப்பதால் மருத்துவமனைக்கே நேரும் கெடுதலுக்குத் தமிழ்நாட்டில் அனைவரும் அறிந்த சான்று ஒன்று உண்டு. 2016 செப்டம்பர் 22-இல் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதலமைச்சர் ஜெயலலிதா, 75 நாட்களுக்குப் பின் டிசம்பர் 5-இல் மறைந்தார். அவரைப் பார்த்தது யார், பார்க்காதது யார் என்பதே அந்த நாட்களின் பெரிய செய்தியாக இருந்தது. அடுத்த ஆண்டில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. சிகிச்சை முறையாகவே அளிக்கப்பட்டது என்று எய்ம்ஸ் மருத்துவக் குழு 2022-இல் கூறியது. அதற்குள் மக்கள் தாங்களாகவே பல முடிவுகளுக்கு வந்துவிட்டிருந்தார்கள். நாட்டின் உயர்ந்த மருத்துவர்கள் அளித்த சிகிச்சைக்கே மூடிய கதவு இந்த நிலையைக் கொண்டுவருமானால், மாவட்டத் தலைநகரில் ஒரு நடுத்தர மருத்துவமனையின் ஐ.சி.யூ. வாசலில், லட்சக்கணக்கில் பில் ஏறிக்கொண்டிருக்க, நான்கு நாளாக உள்ளே விடப்படாத மகன் "அப்பா உயிரோடுதான் இருக்கிறாரா?" என்று கேட்பதில் வியப்பில்லை.

உறவினர் என்றால் யார் என்பதையும் ஆணை தெளிவுபடுத்த வேண்டும். இன்று வாசலில் கேட்கப்படும் கேள்வி "நீங்க என்ன வேணும்?" என்பது. அதற்குக் கணவன், மனைவி, மகன், மகள் என்று பதில் சொல்ல முடிந்தால் வழி கிடைக்கிறது. முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வாழும் தோழி, திருநங்கை ஒருவரைத் தத்தெடுத்து வளர்த்த குருவம்மா, ஒரே அறையில் தங்கி வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளி ஆகியோர் என்ன சொல்வார்கள்? தன்பால் இணையர் ஒருவர் இறந்தால், நெருங்கிய உறவினர் இல்லாத நிலையில் அவருடைய இணையர் உடலைப் பெற்றுக்கொள்ள வழிசெய்யும்படி 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. நல்ல கடிதம்தான், ஆனால் அங்கும் பேச்சு உடலைப் பற்றியே. அமெரிக்காவில் 2007-இல் மயாமி நகர மருத்துவமனையொன்றில் இறந்துகொண்டிருந்த பெண்ணின் இணையரையும் பிள்ளைகளையும் மணிக்கணக்கில் வெளியே நிறுத்தி வைத்த நிகழ்வு பெரும் விவாதமானது. 2010 ஏப்ரலில் அந்நாட்டு அதிபர் ஒபாமா ஆணையிட, 2011 ஜனவரி முதல் அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் மருத்துவமனைகள் அனைத்துக்கும் விதி வந்தது. தன்னைப் பார்க்க வேண்டியவர்களை நோயாளியே பெயர் சொல்லித் தெரிவிக்கலாம், இசைவைப் பின்னர் திரும்பப் பெறலாம், மருத்துவமனை கட்டுப்பாடு விதித்தால் அதற்கான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பவை அதன் சாரம். இங்கிலாந்தும் 2024 ஏப்ரல் 6 முதல் மருத்துவமனைகள், பராமரிப்பு இல்லங்கள் இரண்டுக்கும் இதைப் பதிவு விதியாகவே ஆக்கிவிட்டது.

முதியோர் இல்லங்களையும் ஆதரவற்றோர் காப்பகங்களையும் இதே ஆணைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் வற்புறுத்தல். அவை வேறு துறையின் கீழ் வருகின்றன என்ற பதில் எனக்குத் தெரியும். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஆதரவற்றோர் காப்பகம் ஒன்றில் 2023 பிப்ரவரியில் வெளிவந்த கொடுமை, ஒரு முதியவரைப் பார்க்க வந்தவர்களுக்கு அவர் அங்கே இல்லை, வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் சொல்லப்பட்டதிலிருந்து தொடங்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகே அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள்; நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள்; விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. முன்னறிவிப்பின்றி எப்போது வேண்டுமானாலும் உறவினர் வரலாம் என்ற நிலை ஓர் இல்லத்தில் இருந்தால், ஆண்டுக்கொரு முறை வரும் ஆய்வாளரைவிட அது பெரிய காவல். அதே இடத்தில், பார்க்க மறுக்கும் உரிமையும் முதியவருக்குத் தேவைப்படுகிறது. பழத்தோடு வரும் பிள்ளை பத்திரத்தோடும் மைப்பெட்டியோடும் வருவதை நான் வார்டிலேயே பார்த்திருக்கிறேன். பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உதவும். ஆனால் "அவனை உள்ளே விடாதீர்கள்" என்று அந்தத் தாய் முதலிலேயே சொல்லவும், சொன்னால் அது நடக்கவும் வழி இருந்தால் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருக்காது.

மருத்துவப் பணியாளர்களின் பாதுகாப்பை மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று என் பழைய தோழிகளே சொல்லக்கூடும். 2024 நவம்பர் 13 அன்று கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர், தாம் சிகிச்சை அளித்த நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்ட செய்தி கேட்டு நாங்கள் எல்லாரும் நடுங்கினோம். அதன்பின் உடன் வருவோருக்கு அடையாளக் கைப்பட்டை அணிவிக்கும் ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். உள்ளே இருப்பது யார், யாருக்காக வந்தவர் என்று தெரிவது எல்லாருக்கும் நல்லது. வேன் பிடித்து ஊரே திரண்டு வந்து ஹார்லிக்ஸ் பாட்டில்களோடு படுக்கையைச் சூழ்ந்துகொள்ளும் நம் பழக்கத்துக்கும் எல்லை வேண்டும். அறுவை முடிந்த உடம்புக்கு அந்தப் பாசம் பெரிய பாரம். ஒரு படுக்கைக்கு ஒரே நேரத்தில் இருவர் என்பது நியாயமான வரம்பு. ஊழியரைத் தாக்குகிறவர்மேல் 2008-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் தயங்காமல் பாய வேண்டும். இவற்றில் எதுவும் நான் கேட்கும் உரிமையோடு மோதவில்லை. வார்டில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை விவரம் தெரியாமல் மணிக்கணக்கில் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தொடங்குபவை. அதைச் சமாளிப்பதும், பேரன் வயதுக் காவலாளி பேசியதற்கு மன்னிப்புக் கேட்பதும் கடைசியில் செவிலியர் தலையில்தான் விழும்.

ஆணையைப் பிறப்பிக்கத் தங்கள் கையில் கருவி இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-இன் கீழ் 2018-இல் விதிகள் வகுக்கப்பட்டன. பதிவும் புதுப்பித்தலும் மாவட்ட இணை இயக்குநர்கள் வழியாக நடக்கின்றன. பதிவு நிபந்தனைகளில் இதைச் சேர்த்தால் தனியார் மருத்துவமனைகளும் உள்ளே வந்துவிடும். சேர்க்கைப் படிவத்திலேயே, தன்னைப் பார்க்க வேண்டியவர்கள் என்றும் பார்க்கக் கூடாதவர்கள் என்றும் நோயாளி பெயர்களைத் தர இரண்டு கட்டங்கள் வேண்டும். நினைவின்றி வந்தவருக்கு, நினைவு திரும்பியதும் அதைக் கேட்டு நிரப்ப வேண்டும். காலையும் மாலையும் தவிர, வேலை முடிந்து வருகிறவர்களுக்காக இரவு எட்டு மணி வரை ஒரு வேளை வேண்டும். மருத்துவக் காரணத்தால் அனுமதி மறுத்தால் மருத்துவர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதன் மேல்முறையீடு அன்றைக்கே நிலைய மருத்துவ அலுவலரிடம் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கு இது முடியாத காரியமும் அன்று. பிரசவ அறைக்குள் பெண்ணுக்குத் துணையாக ஒருவரை அனுமதிக்கும்படி மத்திய அரசு 2016-இல் சொல்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே நம் அரசு மருத்துவமனைகள் அதைச் செய்யத் தொடங்கிவிட்டன. அப்போதும் தொற்று, கூட்டம், இடமின்மை என்று எங்களில் பலர் முணுமுணுத்தோம். கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தபோது அந்தப் பெண்கள் வலியைத் தாங்கிய விதம் முணுமுணுப்பைத் தானே அடக்கிவிட்டது.

வரைவை இணையத்தில் வெளியிட்டு, செவிலியர் சங்கங்களையும் நோயாளிகளின் குடும்பத்தாரையும் கருத்துக் கேட்டபின் இறுதி செய்யுமாறு வேண்டுகிறேன். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மருத்துவக் கல்வி இயக்குநரகமும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகமும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், ரவுண்ட்ஸ் முடிந்தவுடன் ஒவ்வொரு வார்டிலும் அரை மணி நேரம், படுக்கைக்கு ஒருவரை அழைத்து, பணியில் உள்ள மருத்துவர் நிலைமையைச் சொல்லும் ஏற்பாட்டை அடுத்த வாரமே தொடங்கலாம். இதற்குத் தனி நிதி ஒதுக்கவோ சட்டத்தைத் திருத்தவோ வேண்டியதில்லை. மருத்துவர்களின் நேரத்தில் அரை மணியைக் கேட்கிறோம் என்பதை உணர்ந்தே எழுதுகிறேன். வார்டுக்கு வார்டு ஓடும் உதவி மருத்துவர்களின் எண்ணிக்கை போதாது என்றால், அதையும் இந்தக் கோரிக்கையோடு சேர்த்தே தங்கள் முன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமைச் செவிலியர் ஒருவர்